மாமா வீட்டு வாசலில் கீறல் விழுந்த குழாய்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மாவின் முதுகுவலியைத் தவிர மற்றவை எல்லாம் நலம். அப்பாவும் நலந்தான், ஆனால் நேற்றுக் காலையிலிருந்து என்னோடு பேசுவதில்லை. நீங்கள் ஒரு வரி எழுதினால்தான் பேசுவார் என்பதால் நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

உங்கள் புது வீட்டுக்குச் சுற்றுச்சுவர் எழுப்ப நேற்று பொக்லைன் வந்தது. அதன் ஓட்டுநருக்குப் பெயரே 'பூப்போல'. எதைக் கேட்டாலும் பூப்போல எடுத்துவிடுகிறேன் என்பார். அப்படிப் பூப்போலத் தோண்டியதில் ஒரு மஞ்சள் குழாய் தெரிந்தது. அதன்மேல் என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கீறல். அப்பா குனிந்து பார்த்தார், மேஸ்திரி மோந்து பார்த்தார், வாடை இல்லை என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்து மண்ணைத் தள்ளப் போனார்கள். நான் ஓடிப்போய் மண்குவியலின்மேல் உட்கார்ந்துகொண்டேன். நம் தெருமுனையில் எரிவாயு நிறுவனத்தின் பலகை இருக்கிறதல்லவா, எல்லோரும் சைக்கிளைச் சாய்த்து வைப்பார்களே, பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும்போது அதை முழுவதும் படித்திருக்கிறேன். தோண்டுமுன் தகவல் சொல்ல வேண்டும். குழாயில் பட்டுவிட்டால், சிறு கீறலானாலும், வேலையை நிறுத்தி உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் மூடுவது சட்டப்படி குற்றம். இதை ஒப்பித்ததும் மேஸ்திரி, "போர்டுல எழுதுறவன் எழுதத்தான் செய்வான் பாப்பா. எல்லாத்தையும் படிச்சுக்கிட்டிருந்தா வீடு கட்ட முடியுமா?" என்றார். அப்பா, "உன் மாமன் மாசக் கடைசியில வந்து நிப்பான். சுவர் எங்கேன்னு கேட்டா நீ பதில் சொல்றியா?" என்றார். சொல்கிறேன் என்றேன். அங்கேதான் பேச்சு நின்றது.

எதிர்வீட்டுக்குப் போய் தொலைபேசியில் தகவல் சொன்னேன். இன்று ஆள் வரும், அதுவரை அடுப்பு உட்பட எதையும் பற்றவைக்கக் கூடாது என்றார்கள். தேநீர் கிடைக்காததால் மேஸ்திரியும் என்னோடு பேசுவதில்லை. பூப்போல மட்டும் வண்டியிலேயே பூப்போலத் தூங்குகிறார்.

உங்களுக்குப் புரியும் மாமா. நம் குடும்பத்தில் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர் நீங்கள் ஒருவர்தான். போன விடுமுறையில் இந்தப் புது வீட்டின் கேட் தூணுக்கு ஆள் வைக்காமல் நீங்களே கடப்பாரையால் குழி தோண்டி, அம்மா தேநீர் போட்டுக் கொண்டுவருவதற்குள் தூணை நட்டு மண்ணையும் மூடிவிட்டீர்கள். அன்று மாலையே உடைந்த என் மூக்குக்கண்ணாடியின் காலில் பழைய சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றி, உங்களுக்கே உரிய இரட்டை முடிச்சைப் போட்டுக் கொடுத்தீர்கள். இன்றுவரை அசையவில்லை. ஆகையால், 'குழந்தை செய்தது சரி, மூடி மறைப்பவன் முட்டாள்' என்று அப்பாவுக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

உங்கள் வீடு சுவரோடும் சட்டத்தோடும் சிறக்க விரும்பும்,
அன்பு மருமகள்

பி.கு.: இதை உறையில் போடுவதற்குள் அதிகாரி வந்துவிட்டார். கீறல் விழுந்தது எரிவாயுக் குழாயே இல்லையாம்; எப்போதோ கேபிளுக்காகப் புதைத்துக் கைவிட்ட வெற்றுக் குழாயாம். அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். "அப்போ எங்க குழாய் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே அதிகாரி ஒரு கருவியோடு நடந்து, கேட் தூணருகே நின்று, கையாலேயே மண்ணை விலக்கினார். குழாய் அங்கே இருந்தது. அதில் கடப்பாரை குத்திய பள்ளம், பள்ளத்தைச் சுற்றிச் சைக்கிள் ட்யூப், அதன்மேல் இரட்டை முடிச்சு. பூப்போல அடுத்து தோண்டவிருந்த இடமும் அதுதான். நல்லவேளை, இன்னும் கசியவில்லை என்று சொல்லி அதிகாரி முதலில் தெரு வால்வை மூடினார். பிறகு முடிச்சைப் பார்த்தார். என் கண்ணாடியைப் பார்த்தார். "இதைக் கட்டினது யாரும்மா?" என்றார்.

தெரிந்ததைத் தெரிவிக்க வேண்டும் அல்லவா, மாமா? உறையில் உங்கள் முகவரி தயாராக இருந்தது. அதையே நீட்டினேன்.

அப்பா இப்போது என்னோடு மிக நன்றாகப் பேசுகிறார். அந்த ஒரு வரியை நீங்கள் அதிகாரிக்கு எழுதினால் போதும்.