பீரோவில் பூட்டிய ஜாவாஸ்கிரிப்ட்

"இனிமே எவனுக்கும் ஒரு வரி கோடுகூடக் கிடையாது!"

செருப்பைக் கழற்றாமலே கத்தினேன். வயிறு எரிந்தது ஐயா! வெப்சைட்டில் காலண்டர் காட்டும் ஜாவாஸ்கிரிப்ட் கோடை மூன்று வாரம் மண்டையை உடைத்து எழுதியவன் நான். பக்கத்து சீட்டு ராகேஷ், "இளங்கோவன் குரு, ஒரு நிமிஷம்" என்று வாங்கிப் போனான். மேனேஜர் கிருஷ்ணப்பா அதைப் பார்த்து அவன் முதுகில் தட்டினார். என் முதுகு சும்மா இருந்தது.

வெள்ளிக்கிழமை டீம் லீடர் யாரென்று சொல்லப்போகிறார்கள். என்னைக் கேட்காமல் எவனுக்கும் வேலை ஓடக்கூடாது. அப்போதுதான் என் அருமை தெரியும். நாலு வருஷமாகக் கோடும் குறிப்புமாக எழுதி நிரப்பிய நோட்டை ஆபீசிலிருந்து தூக்கிவந்து, அந்தத் திங்கட்கிழமையே பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவியை என் மனைவி ஷோபாவிடம் கொடுத்தேன்.

"கடவுளே வந்து கேட்டாலும் சாவியைக் குடுக்காதே!"

"கடவுளுக்கு எதுக்குங்க வெப்சைட்டு?" என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

செவ்வாயன்று ரெண்டு பேர் வந்து கேட்டார்கள். உதட்டைப் பிதுக்கினேன். ஆகா, என்ன சுகம்! புதனன்று ஒருத்தனும் வரவில்லை. பயல்கள் விசிலடித்தபடி டைப் அடித்தார்கள். வியாழனன்று பார்க்கிறேன், ராகேஷ் மேசையில் ஒரு ஜெராக்ஸ் கட்டு. என் கையெழுத்து! நாற்பதாம் பக்கத்து சாம்பார்க் கறை உட்பட!

ஈஜிபுராவில் இருக்கும் வீட்டுக்கு ஆட்டோவில் பறந்தேன்.

"சாவியை யாருக்குடி குடுத்தே?"

"யாருக்கும் குடுக்கலையே. இதோ, இடுப்புலதான் இருக்கு."

"அப்புறம் ஜெராக்ஸ் எப்படி வந்துச்சு?"

"நோட்டைக் குடுத்தேன். நீங்க சாவியைத்தானே குடுக்கக்கூடாதுன்னீங்க?"

"அடிப்பாவி! ராகேஷ் வீட்டுக்கே வந்து கேட்டானா?"

"அவர் எங்க கேட்டார்? நான்தான் அவர் சம்சாரம் சரளாகிட்ட நோட்டு வேணுமான்னு கேட்டேன். அவ அண்ணன் கேஸ் ஏஜென்சி வச்சிருக்கார். ஆறு மாசமா சிலிண்டருக்குப் பதிஞ்சு வச்சிட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வோட மல்லுக்கட்டினேனே, ஒரு நாளாவது ஏன்னு கேட்டீங்களா? நேத்து காலையில நோட்டு போச்சு, சாயங்காலம் நோட்டும் திரும்பி வந்துச்சு, சிலிண்டரும் வந்துச்சு."

"என் நாலு வருஷ மூளைடி அது!"

"அதான் ஒண்ணோட விடாம ரெண்டு சிலிண்டரா வாங்கினேன்."

"நாளைக்கு டீம் லீடர் போச்சு! உன்னாலதான்!" என்று தட்டைத் தள்ளினேன். பசியில் உயிர் போனது. அது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை கிருஷ்ணப்பா எல்லாரையும் கூட்டி நிறுத்தினார்.

"இந்த வாரம் ஒரு வேலையும் நிக்கலை. ஏன்? இளங்கோவன் தன் நோட்டையே எல்லாருக்கும் தூக்கிக் குடுத்துட்டார். அந்த மனசு இருக்கே, அதுதான் ஸ்வாமி டீம் லீடருக்கு வேணும்!"

கைதட்டினார்கள். ராகேஷ் கட்டிப்பிடித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, "நமக்குள்ள என்ன சார்" என்றேன்.

பதவி வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. பறிகொடுத்தவனுக்கு வள்ளல் பட்டமா? வீட்டு வாசலிலேயே முழங்கினேன்.

"இனிமே நோட்டு ஆபீஸ் டிராயர்லதான் இருக்கும்! சாவி என் பாக்கெட்டுலதான் இருக்கும்!"

"எங்க வேணா வச்சுக்கங்க" என்று ஷோபா ஒரு புது நோட்டை நீட்டினாள். "மொதல்ல இதுல எழுத ஆரம்பிங்க. நம்ம சஹானாவுக்கு எல்.கே.ஜி. சீட்டு சொல்லி வச்சிருக்கேன். ஸ்கூல் கரஸ்பாண்டென்ட் மருமகன் வெப்சைட் போடறாராம். முப்பது பக்கம் கேக்கறார்."

கோபமாகப் பேனாவைத் திறந்தேன். பிள்ளையார் சுழி போட்டேன்.