கற்றாழைச் சாமியின் வலது கை

எமர்ஜென்சி முடிந்த வருஷம். சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு வந்த கூட்டத்தில் பாதி, முகத்தில் எதையோ வழவழவென்று பூசிக்கொண்டு ஊர் திரும்பியது. பஸ் கம்பிகள்கூட வழுக்கின. எல்லாம் கற்றாழைச் சாமியின் கருணை.

சாமி இமயமலையிலிருந்து வந்தவர் என்றான் தடித்த சீடன். பக்கத்து ராயகிரி பஸ்ஸிலிருந்து அவர் இறங்கியதைப் பார்த்தவர்கள், இமயமலைக்கு அந்த ரூட்டும் உண்டு போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

பந்தலில் இடுப்புவரை கூந்தல் தொங்க உட்கார்ந்திருப்பார். வேலியோரத்துச் சோற்றுக்கற்றாழையை வெட்டி, தோலும் பாலுமாக மசித்து, நீண்ட அகப்பையால் அள்ளிப் பூசுவார். முகம் சிவக்கும், முடி வளரும், மருமகள் அடங்குவாள். அரித்தால்? பாவம் வெளியேறுகிறது என்று அர்த்தம். ரொம்ப அரித்தால் ரொம்பப் பாவம். அதற்குத் தனிப் பூஜை, தனித் தட்சிணை.

முருகம்மாளுக்கு ஆவணி பிறந்ததும் கல்யாணம். மாப்பிள்ளை புளியங்குடி எலுமிச்சை வியாபாரி. மகள் முகம் இன்னும் பளபளக்கட்டும் என்று தாய் முத்துத்தாய் அவளைச் சாமியிடம் இழுத்துப்போனாள். சாயங்காலத்துக்குள் முகம் சிவந்து, தடித்து, கண் இடுங்கிப்போனது.

செய்தி கேட்டு மாப்பிள்ளையின் தாய் இசக்கித்தாய் ஓடிவந்தாள். சாமியிடமே கேட்டாள். "போன ஜென்மத்துல நாகத்தைக் கொன்ன பாவம். பூஜை முடியாம தாலி ஏறினா உம்ம மகன் தாங்க மாட்டான்" என்றார் சாமி. கல்யாணம் நின்றது.

முருகம்மாள் அழுதாள். முகத்தைக் கழுவிக் கழுவி அழுதாள். அழுது ஓய்ந்ததும் யோசித்தாள்.

"ஏம்மா, நான் தலைக்குத் தேய்க்கதும் இதே கத்தாழதான? ஒருநாளும் அரிச்சதில்லையே. நாம மஞ்சப் பாலை வடியவிட்டு, தோலைச் சீவிக் கழுவுதோம். அவரு அப்படியே அரைக்காரு. கையால தொடக்கூட மாட்டேங்காரு, பாத்தியா?"

மறுநாள் காலை, இசக்கித்தாயையும் கூட்டிக்கொண்டு பந்தலில் போய் நின்றாள்.

"சாமி, உங்களுக்குப் பாவம் உண்டா?"

"நமக்கா? ஒரு துளி கிடையாது தாயே!"

"அப்போ ரெண்டு கையையும் நீட்டுங்க. இடது கையில நான் கழுவிக் கொண்டாந்தது. வலது கையில நீங்க அரைச்சது."

சாமி அகப்பையை இறுக்கிப் பிடித்தார். "இன்னைக்கு நாள் சரியில்ல..."

"பாவமே இல்லாத ஆளுக்கு என்ன வே பயம்? நீட்டும்!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

நீட்டினார். பூசினாள். எல்லாரும் காத்திருந்தார்கள். சாமியின் மந்திரம் வேகம் பிடித்தது. பிறகு தோள் துள்ளியது. பிறகு வலது கையைப் பந்தல் காலில் எருமை மாதிரி தேய்த்தார். இடது கை சும்மா கிடந்தது.

"ஏன் சாமி, உங்க பாவம் வலது கையில மட்டுந்தான் குடியிருக்கோ?"

சாமி தலையைச் சொறிந்தார். கூந்தல் மொத்தமும் கையோடு வந்தது. அடியில் விளக்கி வைத்த பித்தளைச் செம்பு போல ஒரு மண்டை! கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் சாமி சந்தில் புகுந்து மறைந்தார். சீடன் அதற்கு முன்பே மறைந்திருந்தான்.

இசக்கித்தாய் முருகம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனசுல வச்சுக்காத தாயி. கல்யாணம் நடக்கட்டும்."

"நடக்கட்டும் அத்தை. அடுத்த சாமி வந்தா மட்டும், மொதல்ல எங்கிட்டக் கேளுங்க."

பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். சொன்னாள்: "பாலை வடியவிட்டு நல்லாக் கழுவுங்க. மொதல்ல முழங்கை மடிப்புல துளி வச்சு ஒரு நாள் பாருங்க. அரிச்சா விட்டுருங்க. புண்ணுல வைக்காதீங்க. அம்புட்டுதான்."

ஒருத்தி பக்தியோடு கேட்டாள்: "எந்தத் திசையைப் பாத்துத் தேய்க்கணும் மக்கா?"

முருகம்மாள் பெருமூச்சு விட்டாள்.

"கண்ணாடியைப் பாத்துத் தேய்ங்கக்கா. கத்தாழ மண்டைக்கு வெளியதான் வேலை செய்யும். உள்ள இருக்கதை நீங்கதான் கவனிக்கணும்."