குடிகார எலியும் குழுத் தலைவரும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அத்தானும் சுகம். உன் சுகத்துக்குப் பதில் போடு என்று எழுதுவது மரியாதை, எழுதிவிட்டேன். மரியாதை இதோடு முடிந்தது.

நேற்று எங்கேடா தொலைந்தாய்? போனையும் அணைத்து வைத்திருக்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதம், உன் மாடிவீட்டுக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பாப்பாவின் ஆராய்ச்சிக்குப் பணம் தரலாமா வேண்டாமா என்று பார்க்க நேற்றுதான் அந்தக் குழு வந்தது என்று உனக்குத் தெரியாதா? ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த இரண்டு பேரில் ஒருவர் மட்டும் ஏன் குடியில் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் தவிக்கிறார், அவர் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று தேடுகிறாள் என் மகள். இப்போதுதான் தொடக்கம். விடை கிடைக்குமா என்று அவளுக்கே தெரியாது. “முளைக்குமான்னே தெரியாத விதைக்கு யாரும்மா தண்ணி ஊத்துவாங்க?” என்று அவளே புலம்பினாள். போன இடமெல்லாம் கைவிரித்துவிட்டார்கள். இவர்களும் விரித்தால் மாதக் கடைசியில் ஆய்வுக்கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான். அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு, நோயோடு போராடுகிற ஒருவர் நேரில் வந்து பேச வேண்டும். “மாமா வரேன் பாப்பா, மாமா பேசறேன்” என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னது யார், பக்கத்து வீட்டுக்காரரா? அவள் உனக்கென்று புதுச் சட்டை வாங்கி, தேய்த்து, ஆணியில் மாட்டி வைத்திருந்தாள்.

காலையிலேயே பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். வந்த பஸ்ஸையெல்லாம் எட்டி எட்டிப் பார்த்து என் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். ஒரு பஸ்ஸிலிருந்து உன் உயரம், உன் வழுக்கையோடு ஓர் ஆள் தள்ளாடித் தள்ளாடி இறங்கினார். ஆத்திரத்தில் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து, “காலங்காத்தாலயேவா? வாயை ஊதுடா!” என்றேன். அந்த மனுஷன் பயந்துபோய்த் திரும்பி, ஊதியும் காட்டினார். பற்பசை வாசனை. வேறு ஆள். காலில் சுளுக்காம். மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடினால், அங்கே கொஞ்ச நேரத்தில் அதே மனுஷன் நொண்டி நொண்டி உள்ளே வருகிறார். எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். அவர்தான் குழுத் தலைவர். முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு மூலையில் ஒதுங்கினேன்.

அடுத்தது எலி. கூண்டுக்கு இரண்டு புட்டி தொங்கும். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் சாராயம் கலந்தது. தினமும் இடம் மாற்றி மாட்டுவார்கள், இல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் ஒரே பக்கம் போகுமாம். சாராயத்தில் கசப்பு மருந்தைக் கலந்ததும் மற்ற எலிகள் சீ என்று தண்ணீருக்குப் போய்விடுகின்றன. ஒன்று மட்டும் முகத்தைச் சுளித்துச் சுளித்து அந்தக் கசப்பையே குடிக்கிறது. அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் அதற்குப் ‘பெரியவர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கு மட்டும் ஏன் அப்படி என்பதுதான் பாப்பாவின் கேள்வியே. நேற்று குழு கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறது, பெரியவர் நேராகப் போய்த் தண்ணீர் குடித்தார். புட்டியை மாற்றி மாட்டினார்கள். மறுபடியும் தேடிப்போய்த் தண்ணீர். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நீ கையைக் கட்டிக்கொண்டு வெந்நீர் கேட்பாயே, அதே நடிப்பு. பாப்பாவின் முகம் சுண்டிவிட்டது.

அப்புறம் உன்னைக் கூப்பிட்டார்கள். நாற்காலி காலி. பாப்பா வாசலையே பார்த்தாள். அவள் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் நானே போய் உட்கார்ந்தேன். தலைவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். பிறகு கேட்டார், “எல்லாம் சரிம்மா. மனசு வச்சா விட்டுற முடியாதா? இதுக்குப் போய் ஒரு ஆராய்ச்சியா?”

தம்பி, இதையேதான் நான் உன்னிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். இன்னும் சொல்வேன், நீ என் தம்பி, திட்டுவேன், அடிப்பேன். ஆனால் அதை இன்னொருத்தர் சொல்லிக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மனசு வைக்கலன்னு உங்களுக்கு யாருய்யா சொன்னா? புட்டியை அவனே ஜன்னல் வழியா வீசினான். அப்புறம் அவனே இறங்கிப் போய் அதைத் தேடி மண்ணைத் தடவினான். அழுதுக்கிட்டே தடவினான், என் கண்ணால பார்த்தேன். மனசு வைக்காதவன் ஏன் அழறான்? சுளுக்கின காலோட வந்திருக்கீங்களே, மனசு வச்சா ஓடிற முடியாதா? எங்க, ஓடுங்க பார்ப்போம்!” என்று கத்திவிட்டேன். பாப்பா என் கையைப் பிடித்து இழுத்தாள். தலைவர் எழுந்து நொண்டி நொண்டி வெளியே போனார். போட்டு வைத்த டீயை ஒருத்தரும் தொடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாப்பா அறைக்குள் போய்ப் படுத்துவிட்டாள். உன் அத்தான் “ஓடுங்கன்னா சொன்ன?” என்று கேட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாம் உன்னால் வந்தது. இனி என் வாசற்படியை மிதிக்காதே. போன் செய்தால் எடுக்க மாட்டேன். அந்தச் சட்டையை உன் அத்தானுக்குக் கொடுத்துவிடப் போகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு, மாத்திரையை மறக்காதே. நீ எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் தீராத அக்கா

பி.கு.: கவரை ஒட்டப்போன நேரத்தில் பாப்பா அறையை விட்டு ஓடிவந்தாள். தலைவர் போனில் பேசினாராம். முதல் கட்டத்துக்குப் பணம் உண்டாம். “உங்க அம்மா கேட்டதுக்கு எங்க யார்கிட்டயும் பதில் இல்ல. நீங்களே கண்டுபிடிங்க” என்றாராம். ஆனால் எலி மட்டும் போதாதாம். ஒரே வயிற்றில் பிறந்து, ஒருவர் குடிப்பவர், ஒருவர் குடிக்காதவர் என்று ஜோடி ஜோடியாக ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். முதல் ஜோடி நீயும் நானும்தான் என்று பாப்பா சொல்லிவிட்டாள். ஊசியைப் பார்த்தாலே நான் மயங்கி விழுவேன், உனக்குத் தெரியும். பக்கத்தில் நீ இல்லாமல் கையை நீட்ட மாட்டேன். இப்போதும் போன் அடித்துப் பார்த்தேன், இன்னும் அணைத்தேதான் வைத்திருக்கிறாய். மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. சட்டை ஆணியிலேயே இருக்கிறது. நாளைக்குக் காலையிலிருந்து பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். தள்ளாடிக்கொண்டே இறங்கினாலும் சரி, இறங்கு. வாயை ஊதச் சொல்ல மாட்டேன்.