மூணு நூல்

"கதவு அடியில மூணு நூல் இடிக்குது. இழைச்சு எடுத்துடுங்க இஞ்சினியர் சார். சாயங்காலம் கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்று சொல்லிவிட்டுப் போர்மேன் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார்.

இஞ்சினியர் சார் என்பது கேலி. கடைசி வருஷ மாணவனுக்கு அன்று பயிற்சியின் கடைசி நாள். ஒரு மாதமாக அவன் பார்த்த வேலை, ஓரமாக நிற்பது. சான்றிதழில் கையெழுத்து விழாவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் அப்பா முகத்தில் முழிக்க முடியாது.

பட்டறையில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பாகம். இழைப்பது என்றால் மரத்தைச் சீவுவது. டீ வாங்கி வருகிறவருக்குக்கூட இது தெரியும். கல்லூரியில் எல்லாமே மில்லிமீட்டர். போதாததற்குப் பையன் வகுப்பில் முதலாவது.

கதவு மேலாளர் அறையுடையது. திறந்தால் தரையில் உரசி, பல் பிடுங்குகிறவரிடம் மாட்டிய கழுதை மாதிரிக் கத்தும். குனிந்து பார்த்தான். வாசலில் கால் துடைக்கிற மிதியடி ஒன்று, ஓரமெல்லாம் நூல் பிரிந்து கிடந்தது.

நூல். இழை. அட, ரெண்டும் ஒண்ணுதானே.

எண்ணி மூன்றை உருவினான். கதவை ஆட்டிப் பார்த்துவிட்டு ஓடினான்.

"எடுத்துட்டேன் சார்."

"எப்படி இருக்கு?"

"அப்படியேதான் கத்துது."

"அப்ப இன்னும் ரெண்டு நூல் எடுங்க."

"எந்தப் பக்கம் சார்?"

"இழுத்துப் பாருங்க, தானா தெரியும்" என்றார் போர்மேன், வாயில் சோற்றோடு.

இழுத்தான். மொத்த மிதியடியும் ஒரே நூலில் பின்னியது என்பது அப்போதுதான் தெரிந்தது. இழுக்க இழுக்க அனுமார் வாலாக வந்தது. பாதி மிதியடி காணாமல் போனதும் அவனுக்கு வேர்த்தது. மறைக்க இடமில்லாமல் நூலைக் கதவின் கீலிலேயே சுற்றினான். சுற்றச் சுற்ற மீதி மிதியடியும் கூடவே வந்து சேர்ந்தது.

உள்ளேயிருந்து கதவு குலுங்கியது.

"யாருப்பா வெளியே? கதவு வரலையே."

"ட்ரெயினிங் சார்."

"ட்ரெயினிங்கோ என்னவோ, தள்ளு."

அவர் இழுக்க, இவன் தோளைக் கொடுத்து நெம்ப, கதவு கீலைவிட்டு எழும்பி, நூல் சுருளின்மேல் திரும்ப உட்கார்ந்தது. பிற்பாடு அளந்தவர்கள் சத்தியம் செய்தார்கள்: உயர்ந்தது சரியாக மூணு நூல்.

மேலாளர் கதவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். ஒரு முனகல்கூட இல்லை.

"பதினோரு வருஷமா இதைச் சொல்லிட்டிருக்கேன்டா. ஒரே மத்தியானத்துல முடிச்சிட்டியே."

அதே சந்தோஷத்தோடு பட்டறைக்குள் நடந்தார். அங்கே ஆறு பேர், ஆறு விதமான குறட்டை. போர்மேன் கன்னத்தில் தூக்கு மூடியின் வட்டம் பதிந்திருந்தது.

மேலாளர் போட்ட சத்தத்தில் அடுத்த தெருவே எழுந்துகொண்டது. போர்மேனுக்கு மெமோ. மாணவனுக்கு மேலாளரே கையெழுத்துப் போட்டார். 'செய்முறை அறிவு அபாரம்' என்று பச்சை மையில் ஒரு வரியும் எழுதினார்.

கிளம்பும்போது ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. லேத்துக்காரரிடம் மெல்லக் கேட்டான்: "கதவு சரியானதுக்கு ஏண்ணே எல்லாரும் முறைக்கிறாங்க?"

லேத்துக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"அவர் வர்றாருன்னு எங்களை எழுப்புறதே அந்தச் சத்தம்தான் தம்பி, அது சரியாயிடவே கூடாதுன்னுதானே வருஷா வருஷம் இஞ்சினியரிங் படிக்கிற பிள்ளையாப் பார்த்து அந்த வேலையைக் கொடுக்கிறோம்."