சத்தமே இல்லாத மெஷின்தான் வேண்டும் என்றேன்

ஒரே மெஷினை வைத்து வீடு முழுவதையும் குளிரப் பண்ணலாம் என்று எனக்கு முதன்முதலில் சொன்னது என் மூத்த மகன் ராபின். போன கிறிஸ்மஸுக்குக் கத்தாரிலிருந்து லீவில் வந்திருந்தபோது, கேக் தின்றுகொண்டே சொன்னான்.

"அங்க எல்லா வீட்டுலயும் இதுதாம்மா. ரூமுக்கு ரூம் ஏசி மாட்டுகது எல்லாம் பழைய ஸ்டைல்."

எங்கள் ஊர் தோவாளை. காற்றுக் காலத்தில் துணியைக் கொடியில் போட்டால் அடுத்த வீட்டில்தான் போய் எடுக்க வேண்டும். மொட்டைமாடியில் நின்றால் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றுவது தெரியும்.

பிள்ளைகளின் அப்பா கேட்டார், "ஊருல உள்ளவன் எல்லாம் காத்தை கரண்ட் ஆக்குகான். நாம கரண்ட்டை காத்து ஆக்கணுமா மக்கா?"

"அப்பா, அது வெளிக்காத்து. இது உள்காத்து."

கத்தாரில் இருக்கிறவனிடம் காற்றைப் பற்றி என்ன பேசுவது?

நாங்கள் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டின் வேலை முடிய ஜூன் ஆகிவிட்டது. இந்த மெஷின் ரெண்டு பெட்டி. ஒன்று வீட்டுக்கு வெளியே, மற்றது சீலிங்குக்கு மேலே. மேலே இருக்கிற பெட்டிதான் காற்றைக் குளிரவைத்து, தகரக் குழாய் வழியாக அறை அறையாகத் தள்ளுமாம். குழாயையும் வெளிப் பெட்டியையும் ராபின் அவன் கூட்டுக்காரன் ஒருவனை வைத்து அங்கிருந்தே முடித்துவிட்டான். மேல் பெட்டி மட்டும் பாக்கி. அதன் பெயர் ஏர் ஹேண்ட்லர்.

ராபினிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அம்மா, நாகர்கோவில் போயி நீங்களே ஒண்ணு பாத்து எடுங்கோ. விலையும் குறைவா இருக்கணும், நல்லதாவும் இருக்கணும்."

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ஆனால் மீனிலிருந்து பிள்ளைகளின் பள்ளிக்கூட பேக் வரை இந்த ரெண்டு சட்டத்தில்தான் வாங்கியிருக்கிறேன். அதனால் பயப்படவில்லை. பயப்பட்டிருக்கலாம்.

அவசரத்துக்குக் காரணம் இளையவன் அஜின். அந்தச் சனிக்கிழமை அவனுக்காக அஞ்சுகிராமத்திலிருந்து பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தது. பெண் பெனிட்டா, திருநெல்வேலியில் கணக்கு டீச்சர். அஜினும் அங்கேதான் வேலை பார்க்கிறான். அவனுக்கு இவளை ரொம்பப் பிடித்துவிட்டது. இதற்கு முன்னால் ரெண்டு இடம் வந்து, ரெண்டும் போய்விட்டது. ஒரு பெண்ணுக்கு முடி குறைவு என்று நான் ஒரு வார்த்தை சொன்னேன். இன்னொரு பெண் சத்தமாகச் சிரிக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"அம்மா, இந்தத் தடவை ஒரு வார்த்தையும் சொல்லிராதீங்கோ" என்று அஜின் என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டான்.

"நான் என்னத்துக்கு மக்கா பேசப் போறேன்? ஜெபம் மட்டும் பண்ணுவேன்" என்றேன்.

கடைக்கு நானும் இவரும் போனோம். டை கட்டிய தம்பி ஒருவர் வந்து, எங்கள் வெளிப் பெட்டிக்குச் சேருவது மூன்று இருக்கிறது என்றார்.

முதல் மெஷின். "இதை போன்லயே ஆன் பண்ணலாம் அம்மா. நீங்க சர்ச்ல இருந்தே வீட்டைக் கூல் பண்ணிரலாம்."

"சர்ச்சுல நான் போனை ஆஃப் பண்ணி வைப்பேனே தம்பி."

ரெண்டாவது மெஷின். "இதுல வைட்டமின் ஃபில்டர் உண்டு. காத்துலயே வைட்டமின் வரும்."

"அப்போ நெல்லிக்காய் வாங்காண்டாம்" என்றார் இவர்.

மூன்றாவது மெஷின் ஒரு மூலையில், கிழிந்த அட்டைப் பெட்டிக்குள் இருந்தது. தம்பி அதைக் காட்டவே இல்லை. நானாகப் போய்ப் பார்த்தேன்.

"இது எப்படி தம்பி?"

"இதுவா?" அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "இதுலயும் காத்து வரும்."

"சத்தம்?"

"சத்தமே இருக்காது. மோட்டார் சின்னதாக்கும்."

எனக்கு அது போதும். சீலிங்குக்கு மேலே ஒன்று எந்நேரமும் உறுமிக்கொண்டிருந்தால் வீட்டில் நிம்மதியாக ஜெபிக்க முடியுமா? அதுதான் என் ஒரே கவலை. இருந்தாலும் நான் எதையும் கேட்காமல் முடிவு செய்வதில்லை. அங்கேயே கண்ணை மூடி, 'ஆண்டவரே, உமக்குச் சித்தமான மெஷினைக் காட்டும்' என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்தால் மூன்றாவது மெஷின் மேல் ஒரு சிவப்பு அட்டை. 'விலை குறைப்பு.'

ஆண்டவர் எனக்கு இவ்வளவு பெரிய எழுத்தில் எழுதினதே இல்லை.

பில் போடும்போது தம்பி விடவில்லை. "அம்மா, குழாய்க்கு உள்ள பஞ்சு ஒட்டிருங்க. இல்லேன்னா சத்தம் கடத்தும். அதுக்குத் தனி ரேட்."

"மெஷின்ல சத்தமே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? இல்லாத சத்தத்துக்கு எதுக்கு தம்பி பஞ்சு?"

அவர் பில்லைக் கிழித்து நீட்டினார். நான் வாதாடி ஜெயித்ததை இவர் பெருமையாகப் பார்த்தார். அந்தக் கடையில் அவர்கள் சொன்னதிலேயே உருப்படியான வார்த்தை அந்தப் பஞ்சு ஒன்றுதான். அதைத்தான் நான் ஏமாற்று என்று ஒதுக்கினேன்.

வெள்ளிக்கிழமை மெக்கானிக் வந்து மாட்டினார். ஜெப அறை வாசலுக்கு மேலேதான் மெஷின். சுவிட்சைப் போட்டோம். ஒரு சத்தமும் இல்லை. ஓடுகிறதா என்று மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஜெப அறை ஊட்டி மாதிரி ஆகிவிட்டது. சந்தோஷமாக ஹாலுக்குப் போனோம். ஹால் அதே புழுக்கத்தோடு தோவாளையாகவே இருந்தது. இவர் ஸ்டூலில் ஏறிக் காற்று வரும் கம்பி வலையில் கன்னத்தை வைத்துப் பார்த்தார்.

"காத்து வருதா?" என்று கேட்டேன்.

"ஆரோ மூச்சு விடுகது போல இருக்கு."

மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டே சொன்னார், "சின்ன மோட்டார் அல்லவா அம்மா. பைய எத்தும்."

சனிக்கிழமை வரை குளிர் ஹாலுக்கு வந்து எத்தவில்லை.

பெண்ணின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா தங்கள் சபையில் மூப்பர், பெரிய உடம்பு, கனத்த குரல். ரெண்டு பேரையும் ஹாலில் கம்பி வலைக்கு நேர் கீழே உட்காரவைத்தோம். ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே தென்னை மரம் தலைவிரித்து ஆடுகிறது. உள்ளே ஒரு தாள்கூட அசையவில்லை.

பெண்ணின் அப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "ஜன்னலைக் கொஞ்சம் திறக்கலாமே?"

"திறந்தா குளிர் எல்லாம் வெளியே போயிரும்" என்றார் இவர்.

"எந்தக் குளிர்?"

இவர் சீலிங்கைக் காட்டி, "இது வெளிநாட்டு மெஷினாக்கும்" என்றார். அதோடு நிறுத்தினாரா? தட்டை நீட்டி, "முந்திரிக்கொத்து எடுங்கோ. இவ கையால செஞ்சது" என்றார். அது வடசேரியில் கடையில் வாங்கினது.

பெண்ணின் அப்பா அவர் தோட்டத்தில் போர்வெல் போட்ட கதையை ஆரம்பித்தார். முதல் போர்வெல்லில் தண்ணீர் இல்லை. ரெண்டாவதில் பாறை. அஜினுக்கு வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கொடுத்த வாக்கு. ஆனால் உள்ளே எல்லாம் திரண்டு தொண்டை வரை வந்துவிட்டது. இனி ஒரு நிமிஷம் இருந்தால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று தெரிந்தது.

"சாயா எடுத்துட்டு வாறேன்" என்று எழுந்து ஜெப அறைக்குப் போனேன்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித்தான் ஜெபிக்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே படித்தவள் நான். கதவைச் சாத்தினேன், கொண்டியும் போட்டேன். முழங்காலில் நின்று, என் வழக்கப்படி வாய்விட்டே ஜெபித்தேன்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே. வந்தவங்க முன்னால எங்களை வெட்கப்படுத்தாதேயும். மெஷின் குளிரல்ல. விலை குறைவைப் பாத்து நான்தான் எடுத்தேன். இவிய அதை வெளிநாட்டு மெஷின்னு சொல்லிட்டாவ. முந்திரிக்கொத்து கடையில வாங்கினது, அதை நான் செஞ்சதுன்னு சொல்லிட்டாவ. ரெண்டு பொய்யையும் மன்னியும். பொண்ணுக்க அப்பா வந்ததில இருந்து போர்வெல்லைப் பத்தியே பேசுகாரு. கேட்டுட்டு இருக்கப் பொறுமை தாரும். பொண்ணுக்க அம்மா நாலு முந்திரிக்கொத்தை எடுத்துப் பையில வச்சதை நான் பாத்துட்டேன். அதை ஒருத்தர்கிட்டயும் சொல்லிராதபடி என் நாக்கை நீரே பிடிச்சுக்கொள்ளும்."

இவ்வளவும் சொன்ன பிறகுதான் உள்ளே இருந்தது வந்தது.

"அந்தப் பிள்ளையை வேண்டாம்னு சொல்ல நானும் ஒரு காரணம் தேடுகேன் ஆண்டவரே. கல்யாணம் ஆனா அஜினும் திருநெல்வேலியே கதின்னு இருந்துருவான். இவ்வளவு வலிய வீட்டுல நாங்க ரெண்டு பேரும் மூஞ்சியை மூஞ்சியைப் பாத்துட்டு இருக்கணும். அதை நினைச்சாதான் பயமா இருக்கு. அவகிட்ட ஒரு குறையாவது காட்டும்னு எத்தனை தடவை கேட்டேன். ஒண்ணும் கிடைக்கல்ல. நல்ல பிள்ளையா இருக்கா. அவனுக்கும் பிடிச்சிருக்கு. என் பயத்தை எடுத்துப்போட்டு, அவளையே கொண்டுவாரும். ஆமென்."

"ஆமென்" என்றது மேலேயிருந்து ஒரு குரல்.

ஆண் குரல். கனத்த குரல்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இத்தனை வருஷமாக ஜெபிக்கிறேன், மேலேயிருந்து காதில் விழும்படி பதில் வந்தது இதுதான் முதல் தடவை. கண்ணைத் திறந்தால் போய்விடுமோ என்று இறுக மூடிக்கொண்டேன்.

"பேசும் ஆண்டவரே, கேக்கேன்" என்றேன்.

மேலேயிருந்து மறுபடியும் பதில் வந்தது. இந்தத் தடவை பெண் குரல்.

"நான் நாலு எடுக்கலை. ரெண்டுதான் எடுத்தேன்."

கண்ணைத் திறந்தேன். தலைக்கு மேலே கம்பி வலை. அதற்கு மேலே தகரக் குழாய். அது ஹால் வரைக்கும் போகிறது. குளிர் போகாத இடத்துக்கெல்லாம் என் குரல் போயிருக்கிறது. உறுமுகிற மெஷினாக இருந்தால் நான் பேசினதில் ஒரு எழுத்தும் கேட்டிருக்காது. பஞ்சு ஒட்டியிருந்தாலும் கேட்டிருக்காது. மூப்பர், பாவம், எங்கே ஜெபம் முடிந்தாலும் ஆமென் சொல்லிப் பழகினவர்.

கொண்டியை எடுக்க எனக்குக் கை வரவில்லை; எப்படியோ எடுத்து வெளியே வந்தேன்.

ஹாலில் எல்லாரும் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அஜின் மட்டும் தரையைப் பார்த்தான். 'போச்சு' என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. ஒரு வார்த்தை சொல்லாதே என்று கேட்ட பிள்ளைக்கு நான் எத்தனை வார்த்தை கொடுத்திருக்கிறேன்.

பெண்ணின் அம்மா பையைத் திறந்து என் முன்னால் நீட்டினார். "எண்ணிக்கிடுங்க. ரெண்டு. பிள்ளை சாயங்காலம் வீட்டுக்கு வருவா, அவளுக்குப் பிடிக்கும். வீட்டுல செஞ்சதுன்னு சொன்னதாலதான் எடுத்தேன். கடையில வாங்கினதுன்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டேன்."

"இன்னும் ரெண்டு எடுத்துக்கிடுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல வரும்?

பெண்ணின் அப்பா மனைவியைப் பார்த்தார். "நான் போர்வெல்லைப் பத்தியா பேசிட்டு இருந்தேன்?"

"வேற எதைப் பத்தி பேசினிய?"

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம். வாய் விட்டு, அடக்க முடியாமல், நல்ல உரத்த சிரிப்பு. அந்த அம்மாவின் கையிலிருந்த போனிலிருந்து வந்தது. நான் உள்ளே போன நேரத்தில், வீட்டைச் சுற்றிக் காட்டலாம் என்று அவர் மகளுக்கு வீடியோ கால் போட்டிருக்கிறார். பெனிட்டாவும் எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"ஆன்ட்டிகிட்ட குடும்மா" என்றாள்.

போன் என் கைக்கு வந்தது.

"ஆன்ட்டி, என்னை வேண்டாம்னு சொல்ல ஒரு காரணமும் கிடைக்கலைன்னு சொன்னீங்கள்லா? நான் ஒண்ணு தரட்டுமா?"

"சொல்லு மக்ளே."

"எனக்குச் சமைக்கத் தெரியாது. சாயா போடுவேன். அதுலயும் சில நேரம் சீனி போட மறந்துருவேன்."

அஜின் என் வாயையே பார்த்தான்.

"அது ஒரு காரணமா மக்ளே?" என்றேன். "அஜின் நல்லா சமைப்பான். மீன் குழம்பு வைக்க நான்தான் பழக்கிக் குடுத்தேன்."

"அப்போ வேற காரணம் ஏதும் இருக்கா?"

"இல்லை."

"இல்லைன்னா சரி ஆன்ட்டி." மறுபடியும் சிரித்தாள். "சனிக்கிழமை சனிக்கிழமை நாங்க அங்க வந்துருவோம். பயப்படாண்டாம். ஆனா ஜன்னலைத் திறந்து வையுங்க. எங்க அப்பா முகத்துல வேர்வை ஒழுகுகது இங்க இருந்தே தெரியுது."

இவர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். தோவாளைக் காற்று உள்ளே புகுந்தது. காலண்டர் பறந்தது, மேஜை விரிப்பு பறந்தது. பெண்ணின் அப்பா சட்டைப் பட்டனைக் கழற்றிவிட்டு, "இதாக்கும் ஏசி" என்றார். அஜின் சிரித்தானா அழுதானா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் கண்ணீர் கண்ணை மறைத்துக்கொண்டுதான் இருந்தது.

கல்யாணம் ஜனவரியில். ராபினுக்கு அப்போதுதான் லீவு. மெஷினைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். பஞ்சு ஒட்ட மெக்கானிக் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்கிறார். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்றும் கிடையாது. எங்கள் சபைப் பெண்கள் கூட்டத்தையும் இனி இங்கேயே வைக்கலாம் என்று கேட்கிறார்கள். மைக் செட் வாடகை மிச்சமாம்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கல்யாணம் நல்லபடியாக நடக்க எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். மனசுக்குள் ஜெபித்தால் போதும்.