மட்டாஞ்சேரி மாதிரி

மட்டாஞ்சேரி சிறுகடை அனுமதி உப அலுவலகத்தில் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒருவர் திங்கட்கிழமை முற்பகல் பணியில் சேர்ந்தார். கம்ப்யூட்டரிலுள்ள ஃபோல்டர்களை அவரிடம் முறைப்படி ஒப்படைக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. சூப்பிரண்டு வெங்கிடேஸ்வரன் இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் எதையும் யாரிடமும் ஒப்படைத்து அறியாதவர். பாவம், ஆடிப்போனார்.

"எல்லா ஃபோல்டரையும் காட்டட்டுமா சாரே?" என்றாள் கிளார்க் ஸாதனா.

"என்ன சொல்றாய் நீ? ஃபைலைப் பாத்தவனாக்கும் அதுக்கு உத்தரவாதி. பாக்காத ஃபைலுக்கு ஆரும் கேள்வி கேக்க மாட்டா. புதுசா ஒரு ஃபோல்டர் உண்டாக்கு. அதை மாத்திரம் கொடு, கேட்டியா?"

உதவியாளர் அந்தக் காலி ஃபோல்டரை முழுமையாக ஆராய்ந்து அரை நொடியில் அறிக்கை தந்தார்: "நிலுவை ஏதுமில்லை."

வெங்கிடேஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அலுவலகம் தோன்றிய நாள் முதல் யாரும் எழுதாத வாக்கியம் அது. மேலிடத்துக்கு அனுப்பினார். புதன்கிழமையே பாராட்டுப் பத்திரம் வந்தது. சகல பிரிவுகளும் உடனடியாக 'மட்டாஞ்சேரி மாதிரி'யைப் பின்பற்றும்படி உத்தரவும் போனது.

கொச்சங்காடியில் சாயாக்கடை வைத்திருக்கும் வீரலட்சுமி மட்டும் பாராட்டவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அனுமதி புதுப்பிக்காவிட்டால் அவள் கடைக்கு சீல்.

"ரெண்டு வருசமா நடக்கேன் சார். எம் மனு என்னாச்சு?" என்று வெங்கிடேஸ்வரனிடம் வந்து கேட்டாள்.

"நிலுவை ஏதுமில்லைன்னு மெஷினே சொல்லியாச்சு. உங்க மனு இருந்தா அது சொல்லாதோ?"

"நீங்க கையெழுத்துப் போட்ட ரசீது இந்தா இருக்கே!"

"அது உங்க கையிலன்னா இருக்கு? ஃபோல்டர்ல இல்லையே."

வெள்ளிக்கிழமை வீரலட்சுமி அடுப்பு மூட்டவில்லை. கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. சீல் வைக்கும் பிரிவும் மட்டாஞ்சேரி மாதிரிக்கு மாறியிருந்தது. சீல் வைக்க வேண்டிய கடை ஏதுமில்லை என்று அங்குள்ள உதவியாளர் அறிக்கை தந்துவிட்டார். சனிக்கிழமை அவள் பால் காய்ச்சினாள்.

அடுத்த வாரம் வெங்கிடேஸ்வரன் பாராட்டுப் பத்திரத்தின் நகலை இணைத்து, பாலக்காட்டுக்கு மாற்றல் கேட்டு ஐந்து வருஷமாகக் கிடக்கும் தன் மனுவை மேலிடத்துக்கு நினைவூட்டினார். அன்றே பதில் வந்தது: "நிலுவை ஏதுமில்லை."

இரண்டு முறை படித்தார். குறை சொல்ல இடமில்லை. சோர்ந்துபோய் கொச்சங்காடிக்கு நடந்தார். வீரலட்சுமி கடை பெஞ்சில் சீல் பிரிவு ஆட்கள் இருவர் சாயாவை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு சாயா," என்றார்.

"இது அனுமதி இல்லாத கடை சார்," என்றாள் வீரலட்சுமி. "அவங்களுக்குக் கொடுக்கலாம். நீங்க எல்லாம் முறைப்படி நடக்கிறவங்க."