ருசி பார்க்கும் உத்தியோகம்

இனிமேல் சுரைக்காய் தின்பதில்லை என்று மேனேஜர் முடிவு செய்தார்.

சாதாரண முடிவு இல்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தட்டில் வெந்து கிடந்த சுரைக்காயை நேருக்கு நேர் முறைத்துப் பார்த்து, மேசையைக் குத்தி எடுத்த முடிவு. குத்தியதெல்லாம் மனசுக்குள்தான். வெளியே குத்தியிருந்தால் அடுப்படியிலிருந்து, "என்னங்க சத்தம்?" என்று மனைவி கேட்டிருப்பாள். அப்புறம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அவர் ஒரு காலத்தில் ஏதோ ஓர் ஆபீசில் மேனேஜராக இருந்தவர். ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகும் தெருவில் எல்லாரும் மேனேஜர் என்றே கூப்பிட்டார்கள். வீட்டில் அவர் மேனேஜ் செய்ய ஒன்றுமே மிச்சமில்லை என்பது தெருவுக்கும் தெரியும். பழகின பேர், போகட்டும் என்று விட்டு வைத்திருந்தார்கள்.

எல்லாக் கேடும் ஒரு டாக்டரால் வந்தது. மேனேஜரின் வயிற்றைத் தட்டிப் பார்த்து, "கொஞ்சம் குறைச்சுக்கலாமே" என்றார் அந்தப் புண்ணியவான். சொன்னது மேனேஜரிடம், காதில் வாங்கிக்கொண்டது பக்கத்தில் இருந்த மனைவி. அன்றோடு வீட்டில் வெண்ணெய் போயிற்று. சர்க்கரை போயிற்று. உப்பு டப்பா மேல் அலமாரிக்கு ஏறி, அங்கிருந்து எங்கேயோ போய்விட்டது. பதிலுக்கு வந்தது சுரைக்காய். காலையில் சுரைக்காய்ச் சாறு. மதியம் வெந்த சுரைக்காய். ராத்திரி, மதியம் மிஞ்சிய சுரைக்காய்.

"உப்பாவது கொஞ்சம் போடக்கூடாதா?" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"கொஞ்சம் குறைச்சுக்கச் சொன்னார்."

"கொஞ்சம்னா எவ்வளவுன்னு சொன்னாரா?"

"சொல்லலை."

"அதான் மொத்தமா குறைச்சுட்டேன். எதுக்கு நமக்கு சந்தேகம்?"

இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன பேசுவான்? மேனேஜர் மென்றார். விழுங்கினார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். எதிர்வீட்டு வாசலில் வண்டிக்காரர் வெண்ணெய் இறக்கிக்கொண்டிருந்தார்.

இந்த வண்டிக்காரர் தினமும் விடிகிற நேரத்தில் ஊருக்கு வெளியே போவார். பண்ணைகளில் வெண்ணெய், தேனீ வளர்ப்பவரிடம் தேன், அடுப்பு வைத்து ரொட்டி சுடுகிறவர்களிடம் ரொட்டி என்று அங்கங்கே வாங்கிச் சேர்த்து, ஊருக்குள் வீடு வீடாகக் கொண்டு வந்து கொடுப்பார். அன்று அவர் முகம் வாடியிருந்தது. மேனேஜர் தட்டை விட்டு எழுந்து போய் விசாரித்தார்.

"தொழிலை விடப் போறேன் சார்" என்றார். "வயிறு ஸ்டியரிங்ல இடிக்குது. திருப்பவே முடியலை."

"இவ்வளவு அலையிறீங்க, எப்படி வயிறு வந்துச்சு?"

"தொழில் வழக்கம் அப்படி சார். சரக்கை எடுக்கிறவன் அங்கேயே நின்னு ருசி பார்த்து, நல்லாருக்குன்னு தலையாட்டணும். அப்பத்தான் சரக்கு வண்டியில ஏறும். நாளைக்கு யாராவது குறை சொன்னா, 'நீயும்தானே தின்னே'ன்னு செஞ்சவங்க என்னைக் கேட்கணும் பாருங்க."

"வெண்ணெயைக் கூடவா?"

"ரொட்டி மேல தடவித் தருவாங்க."

"தேன்?"

"அடையோட."

மேனேஜர் எச்சிலை விழுங்கினார். "வேண்டாம்னு சொன்னா?"

"அதெப்படி சார்? மறுத்தா கோவிச்சுக்குவாங்க."

மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. உலகத்தில் இப்படி ஓர் உத்தியோகம் இருக்க, வாழ்நாளையெல்லாம் ஃபைலில் கையெழுத்துப் போட்டே வீணாக்கிவிட்டோமே என்று நொந்துகொண்டார். அங்கேயே நின்று, வண்டியையும் தொழிலையும் தானே எடுத்துக்கொள்வதாகப் பேசி முடித்தார்.

மனைவியிடம் பெரிய பிரசங்கமே வைத்தார். சும்மா உட்கார்ந்தால் உடம்பு துருப்பிடிக்கும், உழைக்கிற ஜனங்களுக்கு நம்மால் ஆனதைச் செய்ய வேண்டும், ஊருக்குச் சுத்தமான சாப்பாடு கிடைக்க வேண்டும். பேசப் பேச அவருக்கே அவர் மேல் மரியாதை வந்தது. புயல் அடிக்கும் என்று எதிர்பார்த்துப் பேச்சை முடித்தார்.

"நல்லதுங்க" என்றாள் மனைவி. "நாலு இடம் போய் வந்தா உடம்பு இளைக்கும். நான் அவங்களுக்கெல்லாம் போன் போட்டு ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன். புது ஆளு வர்றார், பார்த்துக்குங்கன்னு."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் எதற்கும் ஒரே பேச்சில் சரி சொன்னது கிடையாது. அங்கேயே மேனேஜர் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் வயிறு வேலை செய்யும்போது அவருக்கு மூளை லீவு போட்டுவிடும். மறுநாள் போட வேண்டிய சட்டையின் பையில் ஒரு ஸ்பூனை ஒளித்து வைத்தார். பெல்ட்டை ஒரு துளை தளர்த்தி வைத்துவிட்டுப் படுத்தார்.

முதல் இடம் வெண்ணெய்க்காரம்மாவுடையது. மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு சின்ன அறை. பாத்திரத்தில் வெண்ணெய் வெள்ளை வெளேரென்று மிதந்துகொண்டிருந்தது. வெண்ணெய்க்காரம்மா அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"வாங்கண்ணே. நல்லா இருக்கீங்களா? பார்த்தா ஒண்ணும் தெரியவே இல்லை."

என்ன தெரியவில்லை என்று மேனேஜருக்குப் புரியவில்லை. பொட்டலங்களை வண்டியில் ஏற்றினார். ஏற்றிவிட்டு நின்றார். தொண்டையைக் கனைத்தார். ஸ்பூன் இருந்த பையைத் தடவினார்.

"இந்த ருசி பார்க்கிற வழக்கம்..."

"ஐயோ, அதெல்லாம் உங்களுக்கு எதுக்குண்ணே?" வெண்ணெய்க்காரம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். கயிறு போட்டுக் கட்டி, முடிச்சின் மேல் மெழுகு ஊற்றிய ஒரு சின்ன டப்பாவை அவர் கையில் வைத்தாள். "இது அண்ணிக்கு. அவங்க ருசி பார்த்துட்டு போன்ல சொல்லிடறேன்னாங்க."

ரொட்டிக்கார அக்கா வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அடுப்பறைக்குள் அவர் நுழைந்தபோது அவள் வாயில் ரொட்டித் துண்டு இருந்தது. அவரைக் கண்டதும் மெல்லாமல் அப்படியே விழுங்கினாள். கண் பிதுங்கிவிட்டது.

"நான் ஒண்ணும் சாப்பிடலை சார்" என்றாள். "சாப்பிட்டாலும் ருசியா இல்லை. சத்தியமா நல்லாவே இல்லை."

அங்கேயும் மெழுகு வைத்த ஒரு டப்பா.

தேன்காரர் அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டார். "மனசைத் தளர விடாதீங்க. எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான். கடைசி வரைக்கும் சிரிச்ச முகமா இருந்துட்டுப் போனாரு."

"எப்படித்தான்? எங்க போனாரு?"

"விடுங்க சார். அதைப் பேச வேண்டாம்."

அவரும் ஒரு டப்பா கொடுத்தார். மெழுகு உபயமும் அவருடையதுதான் என்று அப்புறம் தெரிந்தது.

வீடு திரும்பும் வழியெல்லாம் மேனேஜருக்கு இதே யோசனைதான். தனக்கு ஏதோ பெரிய வியாதி இருக்கிறது, ஊருக்கே தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று நினைத்தார். பக்கத்து இருக்கையில் மூன்று டப்பாக்களும் மணத்துக்கொண்டு வந்தன. சாகப் போகிறவனுக்கு ஒரு வாய் வெண்ணெய் கொடுத்தால் குறைந்தா போய்விடும் என்று அவருக்கு அழுகையாக வந்தது.

வீட்டில் மனைவி டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ரொட்டியில் வெண்ணெயைத் தடவினாள். அதன் மேல் தேனை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். அப்புறம் போனை எடுத்தாள்.

"வெண்ணெய் பிரமாதம் தங்கச்சி. ஆனா ஒரு வாயில எனக்குச் சரியா பிடிபடலை. நாளைக்குக் கொஞ்சம் கூட வச்சு அனுப்பு."

எதிரே மேனேஜர் சுரைக்காயோடு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அவர் வெண்ணெய்க்காரம்மாவை மடக்கினார். "எனக்கு என்ன வியாதின்னு சொல்லுங்க. எதுவா இருந்தாலும் தாங்கிக்குவேன்."

அவள் அழுதே விட்டாள். "போன காய்ச்சல்ல உங்க நாக்கு செத்துப் போச்சாமேண்ணே! இனிப்பு, புளிப்பு எதுவுமே தெரியாதாமே! வெட்கப்பட்டுக்கிட்டு வெளியில சொல்ல மாட்டார், அவர் எதிர்ல ருசின்னு ஒரு வார்த்தை பேசிடாதீங்க, மனுஷன் உடைஞ்சு போயிடுவார்னு அண்ணி போன்லயே தேம்பினாங்க."

மேனேஜருக்குப் பூமி சுற்றியது. "பொய்! அத்தனையும் பொய்!" என்று கத்தினார். ஸ்பூனை உருவினார். பாத்திரத்தில் விட்டு ஒரு அள்ளு அள்ளி வாயில் போட்டார். எத்தனை மாதத்துக்குப் பிறகு வெண்ணெய்! கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"ஆஹா! அமிர்தம்! பூ மாதிரி கரையுது! லேசா ஒரு உப்பு..."

வெண்ணெய்க்காரம்மா ஸ்பூனை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கினாள். "நான் உப்பே போடலையேண்ணே" என்று விம்மினாள். "இப்படித்தான் தெரியிற மாதிரி நடிப்பார்னு அண்ணி சொன்னாங்க. எங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பார்க்கிறீங்க. எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு!"

அந்த உப்பு மேனேஜரின் சொந்தக் கண்ணீர். அதை அவர் விளக்கிச் சொல்வதற்குள் அவள் பாத்திரத்தை மூடிவிட்டாள். ருசி தெரியாதவர்கள் அளவு தெரியாமல் தின்றுவிடுவார்கள், ஜாக்கிரதை என்று அண்ணி எச்சரித்திருந்தாளாம்.

அன்று வீட்டில் மேனேஜர் நிஜமாகவே மேசையைக் குத்தினார்.

"என் நாக்கு செத்துப் போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கே!"

"சட்டையை இஸ்திரி போடும்போது பையில ஸ்பூன் இருந்துச்சு" என்றாள் மனைவி. "வண்டி ஓட்டறதுக்கு ஸ்பூன் எதுக்குங்க?"

பதில் இல்லாதவர்கள் சவால் விடுவார்கள். அவரும் விட்டார்.

"எல்லாரையும் ஒண்ணா கூப்பிடு. என் கண்ணைக் கட்டு. வாயில என்ன குடுத்தாலும் என்னன்னு சொல்றேன். சரியா சொல்லிட்டா ருசி பார்க்கிறது இனிமே நான்தான். இந்த வீட்டுக்கும் வெண்ணெய் வரணும்."

"தப்பா சொன்னா?"

"ஆயுசு பூரா சுரைக்காய் தின்கிறேன். வாயே திறக்க மாட்டேன்."

"வாயைத் திறக்காம எப்படித் திம்பீங்க?" என்றாள். "சரி. அப்படியே ஆகட்டும்."

இரண்டாவது முறையாக ஒரே பேச்சில் சரி. இந்த முறையும் அவர் கவனிக்கவில்லை.

வேலை இல்லாத ஒரு நாளில் வெண்ணெய்க்காரம்மா வீட்டு முற்றத்தில் கூடினார்கள். ரொட்டிக்கார அக்கா வந்தாள். தேன்காரர் வரும்போதே மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார். மனைவி ஒரு பையோடு இறங்கினாள். பையிலிருந்து ஒரு கேக்கை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"உங்க வெண்ணெய், உங்க தேன், ரொட்டிக்கு வச்சிருக்கிற உங்க மாவு, எல்லாம் போட்டு நானே செஞ்சேன். இதுல ஒரே ஒண்ணையாவது இவர் சரியா சொல்லிட்டார்னா, எனக்கு வேற எதுவும் வேண்டாம்." சரியான இடத்தில் அவள் குரல் உடைந்தது.

மூவரும் ஆளுக்கு ஒரு துண்டு சாப்பிட்டார்கள். இப்படி ஒரு கேக்கைப் பிறந்ததிலிருந்து தின்றதில்லை என்று தேன்காரர் சத்தியம் செய்தார். மேனேஜருக்கு நாக்கில் ஊறியது. வெண்ணெய், தேன், மாவு, வெண்ணெய், தேன், மாவு என்று மனப்பாடம் செய்துகொண்டார். பரீட்சைக்கு முன்பே விடைத்தாள் கிடைத்த மாதிரி இருந்தது. இவளுக்கு இவ்வளவு அசட்டுத்தனம் எப்போது வந்தது என்று பாவமாகக் கூட இருந்தது.

அவர் கண்ணைத் துண்டால் இறுக்கிக் கட்டினாள் மனைவி.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கண்ணை மூடி இவருக்காக மனசார வேண்டிக்குங்க" என்றாள்.

மூவரும் கண்ணை மூடினார்கள். அந்த முற்றத்தில் கண் திறந்திருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

"ஆ காட்டுங்க."

மேனேஜர் ஆசையோடு வாயைத் திறந்தார். ஸ்பூன் உள்ளே போயிற்று. வழவழவென்று ஒன்று நாக்கில் வந்து உட்கார்ந்தது. அடுத்த கணமே அவருக்குத் தெரிந்துவிட்டது. நாக்குக்குத் தெரிந்தது, பல்லுக்குத் தெரிந்தது, எத்தனையோ நாளாக அதையே விழுங்கிய தொண்டைக்கும் தெரிந்தது. ஏமாற்றப் பார்க்கிறாளா? யாரிடம்?

"சுரைக்காய்!" என்று வெற்றி முழக்கம் செய்தார். "உப்பு போடாம வேக வச்ச சுரைக்காய்! நேத்து மிஞ்சினது! இதைத் தூக்கத்துல குடுத்தாலும் சொல்வேன்! சுரைக்காய், சுரைக்காய், சுரைக்காய்!"

கைதட்டலுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. தேன்காரர் வாய்விட்டு அழும் சத்தம்தான் வந்தது.

துண்டைப் பிடுங்கினார். மேசை மேல் கேக் இருந்தது. மனைவி கையில் இருந்த ஸ்பூனில் கேக் ஒட்டியிருந்தது. பையின் வாய் கட்டியிருந்தது.

"அந்தப் பையைத் திறங்க! உள்ள சுரைக்காய் இருக்கு!" என்று கத்தினார் மேனேஜர்.

"இப்ப பையிலயும் சுரைக்காய் தெரியுதாம்" என்று ரொட்டிக்கார அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். "இவ்வளவு முத்திடுச்சுன்னு நினைக்கவே இல்லையே."

மனைவி அவர் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியைப் பார்த்தவர்களுக்குப் பாசமாகத் தெரிந்தது. "வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றாள். வண்டியில் வரும்போது மிச்சக் கேக்கை அவளே சாப்பிட்டாள். மேனேஜர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். அவர் சொன்னது நிஜம். அவர் நாக்கு சொன்னது நிஜம். நிஜத்தைச் சொல்லித் தோற்றுப்போன மனுஷனுக்கு யாரிடம் போய் முறையிட வழி இருக்கிறது? ஒரு வழியும் இல்லை.

மறுநாள் உயிர் இல்லாத உடம்போடு போய் வண்டியை நிறுத்தினார். வெண்ணெய்க்காரம்மா வாசலிலேயே காத்திருந்தாள். பக்கத்தில் தேன்காரரும் ரொட்டிக்கார அக்காவும். மூன்று முகமும் மலர்ந்திருந்தன. வெண்ணெய்க்காரம்மா கையில் துணி சுற்றிய பாத்திரம். சூடாக ஆவி வந்தது.

"நாங்க யோசிச்சோம்ணே" என்றாள். "ருசியே பார்க்க விடாம உங்களை ஒதுக்கி வச்சது தப்பு. இது உங்களுக்குன்னே செஞ்சது. அண்ணிக்கு இல்லை. மெழுகும் இல்லை."

மேனேஜரின் செத்த நெஞ்சு துடித்தது. மூடியைத் திறந்தார்.

சுரைக்காய்.

"எல்லா ருசியும் போனாலும் உங்களுக்குன்னு ஒண்ணு மிச்சம் இருக்கேண்ணே! அதை விட்டுடலாமா? மூணு வீட்லயும் சுரை விதை போட்டுட்டோம்" என்றாள் அவள். "இனிமே நீங்க எங்க வந்தாலும் முதல்ல ஒரு கிண்ணம் ருசி பார்த்துட்டுத்தான் சரக்கை ஏத்தணும். அதான் வழக்கம். மறுத்தா கோவிச்சுக்குவோம்."